மூணு நாற்பதுக்கு இறங்கும் விமானம்

துப்பறியும் நிலையத்துக்குப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள். கீழே சைக்கிள் கடை, மேலே நிலையம். இரண்டு பலகைகளும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொங்கினால் ஜனங்கள் வேறு என்ன செய்வார்கள்? அதனால் யார் வந்தாலும் உதவியாளன் ஸ்பேனர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"பஞ்சரா, பஞ்சாயத்தா? பஞ்சர்னா கீழே."

அன்றைக்கு மதியம் ஒரு மணிக்கு ஏறி வந்த பெண் இரண்டில் எதையும் சொல்லவில்லை. ஒரு கையில் கனமான துணிப்பை. இன்னொரு கையில் நாலாக மடித்த காகிதம். தோளிலும் தலைமுடியிலும் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

ஸ்பேனர் பதினான்கு வருஷம் லாரிப் பட்டறையில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன். அங்கிருந்து பார்த்தால் மனிதர்களின் கால்தான் தெரியும். அதனால் ஆட்களைக் காலை வைத்தே எடை போடுவான். இவளுடைய வலது செருப்பில் முன்பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது.

"தையல் மெஷினை மிதிக்கிற கால். அதுவும் கம்பெனித் தையல். உக்காருங்கக்கா."

"ஒன்னு முடிஞ்சா அடுத்தது. காலர் மட்டும்தான் தைப்பேன்" என்றபடி உட்கார்ந்தாள். "பெர்மிஷன் போட்டு வந்திருக்கேன். இங்கே துப்பறியிறவர் யாரு?"

மூலையில் மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மெலிந்த மனிதர் கையை உயர்த்தினார். எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர். மில் வாசலில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து ஆட்களின் வருகை நேரம் பதிந்தவர். யாருடைய அட்டையை யார் குத்தினான், யார் சுவரேறிக் குதித்து வெளியே போய்வந்தான் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு நாள் மில்லை இழுத்து மூடினார்கள். அவருக்குத் தெரிந்த தொழிலோ நேரத்தைப் பற்றி மனிதர்கள் சொல்லும் பொய்யைப் பிடிப்பது. அதற்கு மில்தான் வேண்டுமா என்று யோசித்துப் பலகையை மாட்டிவிட்டார்.

"சொல்லும்மா."

தையல்காரி காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள். தொழிலாளர் நல அலுவலகத்தின் முத்திரை. 'என் கணவர் வெளிநாட்டுப் பணி முடிந்து திரும்பும் வழியில், விமானத்தில் இயற்கையாக மரணமடைந்தார். இது தொடர்பாக எனக்கு யார் மீதும் புகார் இல்லை.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோடு காலியாக இருந்தது.

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போடணும். போட்டா ஃபைலைக் கட்டி வெச்சிருவாங்க. போடலைன்னா ஏன் போடலைன்னு காரணம் எழுதிக் கொடுக்கணும். என்கிட்ட காரணம் இல்லை. மனசு ஒப்பலைன்னு எழுதினா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க" என்றான் ஸ்பேனர். "மனசுக்கு நம்பர் கேப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. "அவர் சாரம் கட்டுற வேலை. எத்தனை மாடின்னாலும் மூங்கிலும் குழாயும் ஏத்தி நிக்க வெச்சிருவார். கடல் தாண்டிப் போயி பத்து வருஷம். நடுவுல ரெண்டு தடவைதான் வந்தார். மூணாவது தடவை வர்றப்போ நான் ஏர்போர்ட்டு வாசல்ல ஒரு மணியிலேர்ந்து நின்னேன். ஸ்ட்ரெச்சர்ல வந்தார்." பையிலிருந்து ஒரு கடிதத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்து வைத்தாள். "அவர் கம்பெனிக்காரங்க எழுதியிருக்காங்க, நல்ல ஆரோக்கியத்தோட நடந்து போயி விமானம் ஏறினாருன்னு. அவர் நடந்துதான் ஏறினாரா? எனக்கு அது ஒன்னு தெரியணும். நடந்துதான் ஏறினாருன்னா கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிடுறேன்."

டைம்கீப்பர் கம்பெனிக் கடிதத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஸ்பேனர் பக்கம் தள்ளினார். "படி."

ஸ்பேனர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டான். கடிதத்தின்படி விமானம் அங்கே புறப்பட்டது மதியம் இரண்டு மணி. இங்கே இறங்கியது மூணு நாற்பது. ஆஸ்பத்திரிச் சீட்டில், உள்ளே ரத்தக் கசிவு, உயிர் பிரிந்தது ஏறக்குறைய இரண்டு பத்துக்கு என்று இருந்தது.

அவன் தொடையில் தட்டினான். "சார், மாட்டிக்கிட்டாங்க! ரெண்டு மணிக்கு ஏறி ரெண்டு பத்துக்கு ஆள் போயாச்சு. பத்தே நிமிஷம்! பிளேன் இன்னும் தரையில உருண்டுக்கிட்டு இருந்திருக்கும். மொத்தமே ஒன்னு நாற்பது மணி நேரப் பயணம். உடனே திருப்பியிருந்தா..."

"ரெண்டு ஊருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

"எனக்கெப்படித் தெரியும்? நடுவுல கடல். மைல்கல்லா நட்டிருக்காங்க?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். அதை ஒன்னு நாற்பதுல தாண்டணும்னா மணிக்கு ஆயிரத்து எழுநூறுக்கு மேல போகணும். உன் பிளேன்ல ஆளை ஏத்துறாங்களா, இல்லை பீரங்கியில வெச்சுச் சுடுறாங்களா?"

ஸ்பேனர் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தான்.

"அங்கே மணி ரெண்டுன்னா இங்கே பதினொன்னரை" என்றார் டைம்கீப்பர். "புறப்பட்ட மணி அங்கத்தது. இறங்கின மணி இங்கத்தது. பதினொன்னரைக்குக் கிளம்பி மூணு நாற்பதுக்கு இறங்குது. நாலு மணி பத்து நிமிஷம் பறந்திருக்கு. இந்த ஆஸ்பத்திரி சொல்ற ரெண்டு பத்தும் இங்கத்த மணி. அதாவது அவர் உயிர் போனப்போ பிளேன் கடலுக்கு நட்ட நடுவுல."

"லாரியில எங்கே போனாலும் ஒரே மணிதான் சார்" என்று முனகினான் ஸ்பேனர். "டீக்கடை மட்டும்தான் மாறும்."

தையல்காரி அவனைப் பார்த்தாள். முதல் முறையாக முகத்தில் ஏதோ இளகியது. "எனக்கும் முதல்ல குழப்பம்தான். அவர் போன் பண்ற நேரம் பிடிபடவே ஒரு வருஷம் ஆச்சு. இப்போ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ரெண்டரையைக் கூட்டிச் சொல்லிடுவேன்."

அவள் துணிப்பையை மேஜையில் கவிழ்த்தாள். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த உருப்படிகள். ஒரு சட்டை. ஒரு பர்ஸ். கனத்த வேலைக்காரன் பூட்ஸ் ஒரு ஜோடி, சிமெண்டுத் தூளோடு. ஒரு கைக்கடிகாரம்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டைம்கீப்பர் அதை எடுத்துத் தன் கடிகாரத்தோடு சேர்த்துப் பிடித்தார். சுவரில் மணி ஒன்று இருபது. செத்தவருடைய கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

"இன்னும் அந்த ஊர்லயே இருக்கு" என்றான் ஸ்பேனர்.

"அதான் எனக்கும் உறுத்துது" என்றாள் அவள். "வந்த ரெண்டு தடவையும் சீட்டுல உக்காந்து பெல்ட்டு மாட்டினதும் முதல் காரியம் வாட்ச்சைத் திருப்புறதுதான். பிளேன் கிளம்புறதுக்கு முன்னாடியே. 'நான் வந்து சேர நேரமாகும், என் மணியாவது இப்பவே உன்கிட்ட வந்துடட்டும்'னு சொல்வார். பக்கத்துல உக்காந்தவன் எல்லாம் சிரிப்பானாம். இந்தத் தடவை ஏன் திருப்பலை?"

டைம்கீப்பர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றினால் ஏதோ ஒன்று பிடிபட்டது என்று அர்த்தம். "ஏன்னா சீட்டுல உக்காந்தப்போ அவருக்கு நினைவில்லை. நடந்து ஏறலைம்மா. ஏத்தியிருக்காங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "இதைச் சொன்னா அந்த ஆபீஸுல நம்புவாங்களா?"

"வாட்ச்சு சாட்சி சொல்லாது. பார்த்த ஆள் வேணும். ஏத்தி அனுப்பினவன் யாருன்னு தெரியணும்."

ஸ்பேனருக்குப் பழைய உற்சாகம் திரும்பியது. கணக்கில் விட்ட மானத்தைக் காலில் பிடித்துவிடலாம் என்று பூட்ஸைத் தூக்கிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே காலிலிருந்து உருவியிருந்தார்கள். தளரக் கட்டியிருந்ததால் வந்துவிட்டது.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் சாரம் கட்டுறவர். அவங்க முடிச்சு எனக்குத் தெரியும். இழுத்தா இறுகும், ஒரு முனையைச் சுண்டினா மொத்தமும் அவிழும். இது அப்படி இல்லை. பாருங்க, ரெண்டு முனையையும் சேர்த்து மூணு முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே மடிச்சுத் திணிச்சிருக்கு. ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி. அவர் கட்டினது இல்லை. வேற ஒருத்தன் கட்டிவிட்டிருக்கான். கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி கம்பியோட கம்பி சேர்த்துக் கட்டுவாங்களே, அந்தக் கை. சத்தியமாச் சொல்றேன், கம்பி கட்டுறவன்..."

மேஜைக்கு அடியில் டைம்கீப்பரின் செருப்பு அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றது. ஸ்பேனர் நிறுத்திக்கொண்டான். ஏன் மிதிக்கிறார் என்றுதான் புரியவில்லை.

"அங்கே அவர்கூடச் சொந்தக்காரங்க யாராவது வேலை பார்த்தாங்களாம்மா?" என்று டைம்கீப்பர் மெதுவாகக் கேட்டார்.

"என் தம்பி" என்றாள் அவள். பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர்தான் கூட்டிட்டுப் போனார். அன்னிக்கு அவன் வேற கட்டடத்துல இருந்தானாம். ஒன்னும் பார்க்கலையாம். பத்து நாள் கழிச்சு வந்தான். இப்போ ரயில்வே கேட்டுப் பக்கம் மேம்பாலம் கட்டுறாங்களே, அங்கே வேலை." எழுந்தாள். "நான் கம்பெனிக்குப் போகணும். நாலு மணிக்கு வரேன்."

தம்பிக்கு என்ன வேலை என்று அவள் சொல்லவில்லை. படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கி முடியும்வரை ஸ்பேனர் காத்திருந்தான்.

"சார்" என்றான் ஸ்பேனர்.

"வாயைக் கொஞ்சம் கேரேஜுல விட்டுட்டு வரக்கூடாதா?" என்றார் டைம்கீப்பர். "வண்டியை எடு. பூட்ஸையும் வாட்ச்சையும் எடுத்துக்கோ."

*

வழியில் ஸ்கூட்டர் இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை ஸ்பேனர் பிளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டே சொன்னான், "கடலைத் தாண்ட நாலு மணி நேரம். கேட்டைத் தாண்ட ரெண்டு மணி நேரம். நம்ம வண்டியையும் டிக்கெட் அடிச்சு விக்கலாம் சார்." டைம்கீப்பர் சிரிக்கவில்லை. மேம்பாலத்துக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

தூண்களுக்கு மேலே கம்பிக் கூடு வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் இடுப்பை இரண்டாக மடித்துக்கொண்டு அதன்மேல் நகர்ந்தார்கள். கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்துக் கம்பிகளின் சந்திப்புக்கு அடியில் விடுவது, கொக்கியை மாட்டி மூன்று சுற்று, நுனியை உள்ளே அமுக்குவது, அடுத்தது. ஒரு சந்திப்புக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. எல்லோர் கையும் ஒரே மாதிரி ஓடியது.

"இதுல யாருன்னு கண்டுபிடிக்கிறது?" என்றான் ஸ்பேனர்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வந்துடப்போறான். இதுக்கெல்லாம் துப்பறியணுமா?"

தம்பி இறங்கி வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். சரக்குக் கொட்டகைக்குள் பெஞ்சு ஒன்று, சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று. டைம்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்தார். காலையில் செருப்போடு வந்தவர், கிளம்பும்போது தோல் ஷூவுக்கு மாறியிருந்தார். அதை ஸ்பேனர் அப்போதுதான் கவனித்தான்.

"தம்பி, உங்க அக்கா அனுப்பிச்சாங்க. பேசலாம். அதுக்கு முன்னாடி ஒரு உபகாரம். ஷூ கயிறு அவிழ்ந்துபோச்சு. முதுகு குனிய மாட்டேங்குது. கொஞ்சம் கட்டிவிடுறியா?"

காலம்பூரா பிறர் சொன்னதைச் செய்தே பழகியவன் ஏன் என்று கேட்பதில்லை. உடனே மண்டியிட்டான். இரண்டு முனையையும் சேர்த்தான், மூன்று முறுக்கு முறுக்கினான், நுனியை உள்ளே மடித்துத் திணித்தான்.

டைம்கீப்பர் பையைத் திறந்து செத்தவருடைய பூட்ஸை எடுத்துத் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

முட்டி போட்டபடியே அவன் இரண்டு முடிச்சுகளையும் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. ஸ்பேனரிடம் அந்த நேரத்துக்கென்று ஒரு கிண்டல் தயாராக இருந்தது. தம்பி முட்டி போட்டிருந்த கோலத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

"கால் வீங்கியிருந்துச்சு சார்" என்றான் தம்பி. "இறுக்கிக் கட்டினா வலிக்குமேன்னு தளரக் கட்டினேன்."

"எழுந்து உக்காரு. நடந்ததைச் சொல்லு."

அவன் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"அன்னிக்குத்தான் மாமாவுக்கு ஊருக்குப் பிளேன். ரெண்டு மணிக்கு. டிக்கெட் முன்னாடியே போட்டது. மேஸ்திரி விடலை. கடைசி நாளுன்னாலும் அரை நாள் வேலை பார்த்துட்டுத்தான் போகணும், கிழக்குப் பக்கச் சாரத்தைப் பிரிச்சுட்டு இறங்குன்னான். பத்தரைக்கு விழுந்தாரு. வெளியில ஒரு கீறல் இல்லை சார். பேசினாரு, தண்ணி கேட்டாரு. கம்பவுண்டர் வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு, உள்ளே ரத்தம் கசியுது, நாலு மணிக்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தா ஆள் பிழைக்கும்னாரு."

"ஏன் சேர்க்கலை?"

"எங்க யாருக்கும் வேலை பெர்மிட்டு இல்லை. முடிஞ்சு ஏழு மாசம். கம்பெனி புதுப்பிக்கலை; ஊருக்குப் போறவங்களுக்கு மட்டும் அபராதம் கட்டி அனுப்பிடும். ஆஸ்பத்திரியில முதல்ல அதைத்தான் கேப்பாங்க, போலீஸ் வரும், மிச்சம் இருக்கிற எல்லாரையும் அள்ளிட்டுப் போவாங்கன்னான் மேஸ்திரி. அப்புறம் டிக்கெட்டை எடுத்து என் கையில கொடுத்தான். நீயே பாருடா, ரெண்டு மணிக்குக் கிளம்புது, மூணு நாற்பதுக்கு உங்க ஊர்ல இறங்குது. நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கும். ஏர்போர்ட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கும், நான் போன் பண்ணிட்டேன்னான்."

ஸ்பேனர் டைம்கீப்பரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யோசிக்காம ஒத்துக்கலை சார். டிக்கெட்டை நாலு தடவை படிச்சேன். மூணு நாற்பதுன்னு அச்சடிச்சிருந்துச்சு. ஊருக்குப் போற பிளேன் சீக்கிரம் போகும்னு நாங்க தங்கியிருந்த கேம்புல எல்லாரும் சொல்வாங்க. வரும்போது ராத்திரி பத்துக்கு ஏறி விடியக்காலை நாலு நாற்பதுக்கு இறங்கினோம். ஆறே முக்கால் மணி நேரம் கிட்டே ஆச்சு. போகும்போது ஒன்னு நாற்பதுதான். காத்து முதுகுல தள்ளும்பாங்க. எதிர்க்காத்துல சைக்கிள் மிதிக்கிறதில்லையா, அதுமாதிரின்னு நானும் நினைச்சுக்கிட்டேன்."

"அங்கேயும் இங்கேயும் மணி வேறன்னு உனக்குத் தெரியாதா?" ஸ்பேனரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரியாம என்ன? அக்காகூடப் பேசுறப்போ கணக்குப் போட்டுத்தானே பேசுவேன்?" அவன் இதைக் கேள்வியாகவே நினைக்கவில்லை. "ஆனா டிக்கெட்டு அங்கே அடிச்சது. அங்கத்த மணியைத்தானே போட்டிருப்பான்?"

அன்று மதியம் நிலையத்தில் தொடையில் தட்டிக்கொண்டு 'ஒன்னு நாற்பது மணி நேரப் பயணம்' என்று கத்தியது ஸ்பேனருக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கு அது ஒரு கேலியோடு முடிந்துபோன தப்பு.

"கம்பவுண்டர் வலிக்கு ஊசி போட்டாரு. மாமா அரை மயக்கமாயிட்டாரு. நான்தான் சட்டை மாத்திவிட்டேன், பூட்ஸ் மாட்டிவிட்டேன். இடுப்புப் பிடிப்புன்னு சொல்லி சக்கர நாற்காலியில உள்ளே அனுப்பினோம். போறப்போ கண்ணைத் திறந்து, அக்காகிட்ட சொல்லிட்டியாடான்னு கேட்டாரு. நீங்களே போய்ச் சொல்லப்போறீங்க மாமா, தூங்கி முழிக்கிறதுக்குள்ள ஊருன்னேன்." தரையில் கிடந்த கம்பித் துண்டு ஒன்றை எடுத்து முறுக்கினான். "வெளியே சொன்னா பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன்னு மேஸ்திரி பத்து நாள் வெச்சிருந்தான். இங்கே வந்த பிறகும் அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை. ஆனா சார், ஒன்னு மட்டும் எனக்கு விளங்கலை. நாலு மணின்னாரு கம்பவுண்டர். மூணு நாற்பதுக்கு இறங்கிடுச்சுன்னு அக்காவே சொன்னா. நேரத்துக்குத்தானே கொண்டுவந்து சேர்த்தோம்? அப்புறம் ஏன் சார் செத்தாரு?"



மூன்று வருஷமாக ஸ்பேனர் இவரோடு சுற்றுகிறான். அரை நிமிஷப் பொய்யைக்கூட விடாமல் பிடிக்கிற மனிதர். அந்த மனிதருக்கு இப்போது நேரத்தைப் பற்றி ஒரு பொய் தேவைப்பட்டது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"அது... உள்காயம் தம்பி. டாக்டர்களுக்கே சரியாச் சொல்ல முடியாது. விதி..."

"வாட்ச்சை அவன்கிட்ட கொடுங்க சார்."

வாசலில் தையல்காரி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. முகம் வெயிலில் கறுத்துக் கிடந்தது.

"கம்பெனிக்குப் போகலையாக்கா?" என்றான் ஸ்பேனர் அசட்டுத்தனமாக.

"வீட்டுக்குப் போனேன். துணி காயப்போடுற கொடி, ஜன்னல் கதவு, கேஸ் டியூப்பு, எல்லாத்தையும் வந்ததுலேர்ந்து இவன்தான் கட்டிக் கொடுத்திருக்கான். ஒவ்வொரு முடிச்சா பார்த்துட்டு வந்தேன்." உள்ளே வந்தாள். "கொடுங்க சார்."

டைம்கீப்பர் அசையவில்லை. அவளே பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உன் மாமாவோடது. அவர் திருப்பி வெக்கலை. அங்கத்த மணியிலேயே ஓடுது. சுவத்துல எத்தனை மணி?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "மூணு நாற்பது."

"கையில?"

அவன் குனிந்து பார்த்தான். சின்ன முள் ஆறைத் தாண்டியிருந்தது. பெரிய முள் இரண்டில் நின்றது. அவன் சுவரைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மறுபடியும் சுவரைப் பார்த்தான். உதடுகள் ஏதோ எண்ணின. ஒரு சந்திப்புக்கு மூன்று விநாடியில் கம்பி கட்டுகிற ஆளுக்கு இது ஒன்றைக் கட்டி முடிக்க வெகு நேரம் பிடித்தது.

"ஆறு பத்து" என்றான் கடைசியில். "அக்கா, நாலு மணி..."

"கடல் மேலேயே தாண்டிருச்சு. அங்கத்த மணிக்கு நாலு நாற்பது வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருந்திருக்கார்."

அவன் அந்தக் கடிகாரத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நெற்றியில் முட்டிக்கொண்டான். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வெளியே யாரோ அவன் பெயரைச் சொல்லி, எவ்வளவு நேரமடா என்று கத்தினார்கள்.

ஸ்பேனர் டைம்கீப்பரிடம் கிசுகிசுத்தான், "மேஸ்திரிக்குத் தெரியும் இல்லையா சார்? எத்தனை பேரை டிக்கெட் போட்டு அனுப்பினவன். ஒரு மணியிலேர்ந்து வாசல்ல நின்ன அக்கா ஆம்புலன்ஸைப் பத்திச் சொல்லவே இல்லையே."

"தெரியும். தெரிஞ்சுதான் டிக்கெட்டை இவன் கையில கொடுத்தான். தன் வாயை மட்டும் நம்பச் சொல்லலை, பாரு. அச்சடிச்ச காகிதத்தைப் படிக்க வெச்சான். அவன் அங்கே உக்காந்திருக்கான். நாம இங்கே உக்காந்திருக்கோம். நடுவுல ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். நான் என்னத்தைப் பிடிக்க?" டைம்கீப்பரின் குரலில் ஸ்பேனர் இதுவரை கேட்டிராத ஒரு சோர்வு இருந்தது. "கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிச்சாச்சு. அதை வெச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?"

தையல்காரி நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். கையெழுத்துக் கோடு இன்னும் காலியாகவே இருந்தது.

"போட்டுரு அக்கா" என்றான் தம்பி நிமிராமல். "நான் வாயைத் திறந்தா அங்கே பதினெட்டுப் பேர் மாட்டுவாங்க. என்னையும் உள்ளே வெப்பாங்க. உனக்குன்னு வேற யாரு இருக்கா?"

"அந்தப் பதினெட்டுப் பேருக்கும் ஊருக்கு வர்றதுக்கு இதே பிளேன்தானே?"

அவன் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"எழுந்திரு. முகத்தைக் கழுவு. அஞ்சு மணிக்கு ஆபீஸைப் பூட்டிருவாங்க."

"அக்கா, நான்தான் ஏத்தி அனுப்பினேன்."

"அதைத்தான் அங்கே வந்து சொல்லணும்."

அவள் குரலில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று ஸ்பேனரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுக்கும் இப்போது நேரமில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது அவனுக்கு. வேறொன்றும் தோன்றாமல், "அக்கா, அந்த வாட்ச்சை நம்ம மணிக்குத் திருப்பி வெச்சுத் தரட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம். ஆபீஸுல காட்டணும்."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் கிளம்பினார்கள். பேருந்து நிறுத்தம் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் முன்னால் போனாள். அவன் பத்தடி பின்னால், ஈரமான முகத்தைத் துடைக்காமல் நடந்தான். நிறுத்தத்திலும் அதே பத்தடி விட்டு நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒப்புக்குவாங்களா சார்?" என்றான் ஸ்பேனர்.

"வாங்கி வெச்சுக்குவாங்க" என்றார் டைம்கீப்பர். அவருடைய ஷூவில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது.

பேருந்து வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். அவன் பின்வாசலில் ஏறிப் படியிலேயே ஒண்டிக்கொண்டான். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நடத்துனர் அவளிடம் வந்து நின்றார். அவள் பின்பக்கம் பார்க்காமலே இரண்டு விரலைக் காட்டினாள்.